வீட்டுக்குள்ளே ஒரு தபாலாபீஸ்

1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஒரு பெரிய அமளி உண்டாயிற்று. இத்தாலிய தேசபக்தர் மாஜினி அப்போது லண்டன் நகரில் அகதியாக வசித்துக்கொண்டிருந்தார். தமக்கு வரும் கடிதங்களை யாரோ நடுவழியில் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடியும் ஒட்டி அனுப்புகிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அவர் சும்மா இருந்துவிடவில்லை. நண்பர்களிடம் சொல்லி, கடித மடிப்புக்குள் கசகசா விதைகளையும், மணல் துகள்களையும், தலைமயிர் இழைகளையும் வைத்து அனுப்பச் செய்தார். கடிதம் வந்து சேர்ந்தது; கசகசா வந்து சேரவில்லை! உள்நாட்டு மந்திரி ஸர் ஜேம்ஸ் கிரஹாமின் உத்தரவின் பேரில் தபாலாபீசிலேயே இந்தத் திருப்பணி நடந்து வந்தது என்பது பிறகு வெளியாயிற்று. டங்கோம்ப் என்ற அங்கத்தினர் பார்லிமெண்டில் இதைக் கிளப்பினார். கார்லைல் போன்ற பெரிய எழுத்தாளர் பத்திரிகைக்கு எழுதி மாஜினிக்குப் பரிந்து பேசினார். சர்க்காருக்கு வெகு அவமானமாய்ப் போயிற்று.

மாஜினியின் கவலையெல்லாம் வழியைப் பற்றியது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கடிதம் வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் போய், பெட்டிச் சாவி இடுப்பில் ஏறிய பிறகு அவருக்குக் கவலையில்லை. இன்று நம்முடைய நிலைமை தலைகீழாக இருக்கிறது. மின்னஞ்சல் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் தபால் கம்பெனியின் யந்திரத்துக்கும் நடுவே பிரயாணம் செய்யும்போது, பெரும்பாலும் சங்கேத எழுத்தாக மாற்றப்பட்டே போகிறது. வழியில் ஒட்டுக் கேட்பவனுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டால், திறந்த மேனியாக இருக்கிறது என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

மின்னஞ்சல் படிப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பிரௌசர் ஜன்னலைத் திறந்து, கம்பெனியின் வாசற்படியில் நின்றபடியே கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்புவது. மற்றொன்று, அவுட்லுக், தண்டர்பேர்ட் முதலிய தபால் புரோகிராம்களை நம் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு, கடிதங்களை வீட்டுக்கே தருவித்துப் பத்திரப்படுத்துவது. இரண்டாவதுதான் மூத்தது. 1984-ல் இதற்காக வகுக்கப்பட்ட ஏற்பாட்டுக்குப் 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்' என்றே பெயர் வைத்தார்கள். நம் தேசத்தில் 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டபோதும், டெலிபோன் கம்பியில் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு ஆயிற்று. ஆகையால் கம்பியைச் சேர்த்து, கடிதங்களை மடமடவென்று இறக்கிக்கொண்டு, உடனே கம்பியைத் துண்டித்துவிட்டு, பிறகு சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டே படிப்பது புத்திசாலித்தனமாக இருந்தது.

இந்தப் புரோகிராம்களில் பிரசித்தி பெற்ற ஒன்று, அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் ஸ்டீவ் டார்னர் என்பவர் 1988-ல் ஆக்கிய 'யூடோரா'. யூடோரா வெல்ட்டி என்ற அமெரிக்கக் கதாசிரியையின் பெயரைத்தான் அதற்கு இட்டார். அந்த அம்மாள் 1941-ல் வெளியிட்ட ஒரு கதையில், வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்ட ஒரு பெண், தான் வேலை பார்க்கும் தபாலாபீசுக்கே மூட்டை முடிச்சுகளுடன் குடிபோய்விடுகிறாள். 'நான் ஏன் தபாலாபீசில் வசிக்கிறேன்' என்பது கதையின் தலைப்பு. டார்னர் விளையாட்டாக வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமாய் அமைந்துவிட்டது, பாருங்கள்! இன்று நாம் எல்லோரும் தபாலாபீசில்தான் குடியிருக்கிறோம். கதையிலே அந்தப் பெண் வீட்டாரின் வாய்க்குத் தப்பித் தபாலாபீசுக்கு ஓடினாள். நமக்கோ தபாலாபீசே கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது, வீட்டாரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார். மகா ஜாக்கிரதைப் பேர்வழி. வாசல் கதவுக்கு உள்ளே ஒரு தாழ், வெளியே ஒரு பூட்டு, பூட்டுக்கு ஓர் உறை. இருபது வருஷத்துக் கடிதங்களைத் தண்டர்பேர்டில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு நாள் பேச்சுவாக்கில், "என் கம்ப்யூட்டரைத் திறக்க எனக்கு மட்டும்தான் முடியும், வாத்தியாரே! பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல் போட்டிருக்கிறேன்" என்றார்.

"அந்தக் கடவுச்சொல் வாசற்கதவுக்குத்தான், ஸார். அலமாரிக்கு அல்ல" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. திறந்து காட்டும்படி சவால் விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் இருக்கிறது. அதைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்பினேன். விண்டோஸ் விழித்துக்கொள்ளவேயில்லை. அது விழித்தால் அல்லவா கடவுச்சொல் கேட்கும்? ஹார்டு டிஸ்க்கில் அவர் பெயர் கொண்ட ஃபோல்டருக்குள் நுழைந்து, 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'தண்டர்பேர்ட்', 'புரொஃபைல்ஸ்' என்று ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போனால், கடைசியில் 'இன்பாக்ஸ்' என்று ஒரு ஃபைல். அதைச் சாதாரணமாக நாம் குறிப்பு எழுதும் புரோகிராமில் திறந்தேன். வருமான வரி விவகாரமாக ஒரு கட்சிக்காரருக்கு அவர் எழுதிய ஆங்கிலக் கடிதம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கும்படியாக இருந்தது. ஆடிட்டர் எழுந்து போய்த் தாமே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

விஷயம் இதுதான். தண்டர்பேர்ட் வழக்கமாகக் கடிதங்களை வைக்கும் முறைக்கு 'எம்பாக்ஸ்' என்று பெயர். ஒரு ஃபோல்டரில் உள்ள கடிதங்கள் எல்லாம் ஒரே நீண்ட சுருளாக, ஒன்றன் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும். 'யாரிடமிருந்து' என்று தொடங்கும் ஒரு வரிதான் ஒரு கடிதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வேலி. பூட்டு கிடையாது, முத்திரை கிடையாது. தமிழில் எழுதிய கடிதங்களும், இணைத்து அனுப்பிய படங்களும் மட்டும் அர்த்தமற்ற எழுத்துக் குவியலாகத் தென்படும். அதைப் பார்த்து, 'ஆஹா, தமிழுக்கு மட்டும் காவல் இருக்கிறது' என்று யாரும் பூரித்துப் போக வேண்டாம்! பழைய காலத்து யந்திரங்கள் ஆங்கில எழுத்துக்களை மட்டுமே சுமக்கக்கூடியவையாக இருந்தபடியால், மற்றவற்றை அவற்றுக்குத் தெரிந்த எழுத்தாக மாற்றி அனுப்பும் ஓர் ஏற்பாடு அது. வாய்பாடு தெரிந்த எந்தப் பையனும் ஒரு நிமிஷத்தில் திருப்பி மாற்றிவிடலாம். அந்தச் சிரமங்கூட வேண்டியதில்லை. ஃபோல்டரை அப்படியே மற்றொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் அங்குள்ள தண்டர்பேர்டில் வைத்தால், இருபது வருஷமும் வரிசையாக வந்து நிற்கும்.

"தண்டர்பேர்டிலும் ஒரு பெரிய கடவுச்சொல் போட இடமிருக்கிறதே?" என்று விஷயம் தெரிந்த நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்பார்கள். அது நம்முடைய தபால் கணக்குகளின் கடவுச்சொற்களைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைக்கிறது, போட்டுக்கொள்வது அவசியம். போடாவிட்டால், நாம் காப்பி எடுத்துவர உள்ளே போன சமயத்தில் வேறொருவர் அந்தக் கடவுச்சொற்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் அது கடிதங்களைப் பூட்டுவதில்லை. சாவிக் கொத்துக்கு ஒரு பெட்டி செய்து பூட்டிவிட்டு, நகைகளைத் திண்ணையில் வைத்தது போலத்தான்.

அவுட்லுக் சமாசாரம் இன்னும் வேடிக்கை. அது கடிதங்களைப் 'பி.எஸ்.டி.' என்ற ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி வைக்கிறது. அந்த ஃபைலுக்குத் தனிக் கடவுச்சொல்லும் போடலாம். போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனி 2010-ல் அந்த ஃபைலின் அமைப்பைப் பகிரங்கமாக வெளியிட்டது. அதைப் படித்தால், அந்தக் கடவுச்சொல் உள்ளே இருப்பதைச் சங்கேதமாக்குவதே இல்லை என்பது தெரியும். அவுட்லுக் மரியாதைக்காக அதைக் கேட்கிறது. வேறு புரோகிராம் கேட்காமலே திறந்துவிடும். ஃபைலுக்குள் எழுத்துக்களை மாற்றி வைப்பதும் உண்டுதான். ஆனால் அது நிலையான ஒரே அட்டவணைப்படி ஓர் எழுத்துக்குப் பதில் மற்றோர் எழுத்தை வைப்பது. நாலாம் வகுப்புப் பையன்கள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவருக்கொருவர் அனுப்பும் ரகசியச் சீட்டுக்கு இதைவிட அதிக யோசனை செலவாகியிருக்கும்.

கடிதத்தை அழித்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் பலர். எம்பாக்ஸ் சுருளில் கடிதத்தை 'டிலீட்' செய்யும்போது நடப்பதைக் கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். முதலில் அதன் பிரதி ஒன்று குப்பைத் தொட்டி என்னும் மற்றொரு சுருளில் எழுதப்படுகிறது. பழைய இடத்தில் உள்ள கடிதத்தின் தலையில் 'இது போய்விட்டது' என்று ஓர் அடையாளம் மட்டும் போடப்படுகிறது. ஆகவே, அழித்ததன் முதற்பலன் ஒரு கடிதம் இரண்டானதுதான்! குப்பைத் தொட்டியைக் காலி செய்தாலும் பழைய சுருளில் உள்ளது அப்படியே கிடக்கும். 'காம்பாக்ட்' என்ற கட்டளையை நாம் கொடுக்கும்போதோ, கணிசமான இடம் மிச்சமாகும் என்று கண்டு புரோகிராமே அதைச் செய்யும்போதோதான், அடையாளம் போட்ட கடிதங்களை விலக்கிவிட்டுச் சுருள் புதிதாக எழுதப்படுகிறது. அப்போதும் பழைய சுருள் இருந்த இடத்தில், வேறு எதையாவது எழுதும் வரையில், அதன் எழுத்துக்கள் ஹார்டு டிஸ்க்கில் தங்கியிருக்கலாம்.

இதை அலட்சியம் செய்து அகப்பட்டுக்கொண்டவர்கள் சாமானியர்கள் அல்ல. அமெரிக்காவில் 1986-ஆம் வருஷக் கடைசியில் ஈரானுக்கு ஆயுதம் விற்ற ரகசியம் வெளிப்பட்டபோது, வெள்ளை மாளிகையின் உத்தியோகஸ்தர்களான ஆலிவர் நார்த்தும் அட்மிரல் பாயிண்டெக்ஸ்டரும் தங்கள் மின்கடிதங்களை அவசர அவசரமாக அழித்தார்கள். அவர்களுடையது வீட்டுக் கம்ப்யூட்டர் அல்ல, மாளிகையின் பெரிய யந்திரம் என்பது வாஸ்தவம். ஆனாலும் கடிதங்களின் பிரதிகள் காந்த நாடாக்களில் முன்னமே சேமிக்கப்பட்டிருந்தன. விசாரணைக் கமிஷன் அவற்றை எடுத்துப் படித்தது. இன்று நாமும் கம்ப்யூட்டர் கெட்டுப் போனால் என்ன செய்வது என்று அஞ்சி, வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்கிறோம். மிகவும் நல்ல பழக்கம். இங்கே அழித்த கடிதம் அங்கே அழியாமல் இருக்கும் என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எச்சங்கள் வேறு உண்டு. கடிதத்தோடு வந்த இணைப்பைச் சொடுக்கித் திறந்து பார்க்கிறோம். அதன் பிரதி ஒன்று தாற்காலிக ஃபோல்டரில் போய் விழுகிறது. சில சமயம் அங்கேயே தங்கியும் விடுகிறது. டாக்டர் அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாள் இப்படி அநாதையாகக் கிடப்பதுண்டு. பழைய கடிதங்களைச் சட்டென்று தேடிக் கொடுப்பதற்காகத் தண்டர்பேர்ட் தனியாக ஓர் அட்டவணை எழுதி வைக்கிறது. அதிலும் கடிதங்களின் வாசகம் இருக்கிறது. 'இமேப்' முறையில் கடிதங்கள் கம்பெனியிலேயே இருக்கின்றன என்று நம்புகிறவர்களுடைய கம்ப்யூட்டரிலும், அவர்கள் வேண்டாமென்று சொல்லாத வரையில், தண்டர்பேர்ட் ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய மடிக்கணினி களவு போயிற்று என்று ஓடிப் போய்க் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுகிறோம். இனி வரும் கடிதங்கள் பிழைக்கும். போன யந்திரத்தில் இருப்பவை களவு கொண்டவனுக்குத்தான்.

யந்திரம் களவுதான் போகவேண்டும் என்பதில்லை. நாமே விற்கிறோம். மஸாசுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களாக இருந்த சிம்ஸன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் 2000-ஆம் வருஷத்திலிருந்து 2002 வரையில் கையாண்டு கழித்த ஹார்டு டிஸ்க்குகளாகப் பார்த்து 158 வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு! மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும், வைத்தியக் குறிப்புகளும், காதல் கடிதங்களும், குவியல் குவியலாக மின்னஞ்சல்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க் பணம் வழங்கும் பாங்கி யந்திரத்துக்குள்ளே இருந்தது போலும்; வாடிக்கைக்காரர்களின் கணக்கு எண்கள் அதில் அப்படியே இருந்தன. 2003-ல் அவர்கள் இதை எழுதி வெளியிட்டபோது, இவற்றை விற்றவர்களில் பலர் 'ஃபார்மட்' செய்துவிட்டே விற்றிருந்தார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய சங்கதியாக இருந்தது. ஃபார்மட் என்பது பெரும்பாலும் புஸ்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. உள்ளே அத்தியாயங்கள் அத்தனையும் இருக்கும்.

மனிதர்கள் ஒருபுறமிருக்க, கம்ப்யூட்டருக்குள் நுழையும் விஷமப் புரோகிராம்களுக்கும் இந்தத் திறந்த அலமாரிதான் விருந்து. 1999-ல் 'மெலிஸா' அவுட்லுக்கின் விலாசப் புஸ்தகத்தைத் திறந்து, முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே தபாலில் அனுப்பிக்கொண்டது. 2000-ஆம் வருஷம் மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற காதல் கடிதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டு உலகையே சுற்றியது. 2001-ல் வந்த 'ஸர்காம்' இன்னும் பொல்லாதது. பிடித்த கம்ப்யூட்டரிலிருந்து ஏதாவது ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு, கண்டவர்களுக்கெல்லாம் அதை விநியோகம் செய்தது. இவை எல்லாம் கூடச் சின்னப் பிள்ளைத் திருட்டு என்று சொல்லும்படி, 'இமோடெட்' என்பது 2018 முதல் அவுட்லுக்கிலிருந்து கடிதங்களின் வாசகத்தையே திருடத் தொடங்கியது. திருடியதை என்ன செய்தது? நீங்கள் நண்பருக்கு எழுதிய பழைய கடிதத்தையே மேற்கோள் காட்டி, அதற்குப் பதில் எழுதுவது போல விஷத்தைச் சேர்த்து அனுப்பியது. நம் எழுத்தையே கண்டால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? பல தேசத்துப் போலீசார் ஒன்று சேர்ந்து 2021 ஜனவரியில் அந்தக் கூட்டத்தின் யந்திரங்களைக் கைப்பற்றினார்கள்.

இவ்வளவும் கேட்டபின், "வீட்டில் வைப்பதே வேண்டாம், எல்லாம் கம்பெனியிடமே இருக்கட்டும்" என்று தோன்றலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அமெரிக்காவில் 1986-ல் செய்த ஒரு சட்டம், கம்பெனியின் யந்திரத்தில் 180 நாளுக்கு மேல் கிடக்கும் கடிதம் சொந்தக்காரர் கைவிட்டது போலத்தான் என்று பாவித்து, நீதிபதியின் வாரண்ட் இல்லாமலே சர்க்கார் அதைக் கேட்டு வாங்க வழி வைத்தது. அதே கடிதம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால், வீட்டைச் சோதனை போட வாரண்ட் வேண்டும்! 2010-ல் வார்ஷாக் என்ற வியாபாரியின் வழக்கில்தான், கம்பெனியிடம் உள்ள கடிதத்துக்கும் வாரண்ட் அவசியம் என்று ஆறாவது வட்ட அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கடிதம் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறது என்பது அற்ப விஷயம் அல்ல. சில புரோகிராம்கள் இதில் கண்கட்டு வித்தையும் செய்கின்றன. விண்டோஸுடன் வந்த பழைய 'மெயில்' புரோகிராமை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டு, மைக்ரோசாப்ட் அதன் இடத்தில் வைத்த புதிய அவுட்லுக், பார்வைக்கு வீட்டுப் புரோகிராம்தான். ஆனால் வேறு கம்பெனியில் உள்ள நம் தபால் கணக்கை அதில் சேர்த்தால், அந்தக் கடிதங்கள் மைக்ரோசாப்டின் யந்திரங்களுக்கும் பிரதியாகப் போகின்றன. சேர்க்கும்போது திரையில் சொல்லத்தான் சொல்கிறார்கள். அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

நம் தேசத்தில் 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர் ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி புட்டஸ்வாமி. அதன் பின் 2023-ல் பார்லிமெண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் செய்தது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் காரியமாகவோ, வீட்டுக் காரியமாகவோ கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சரிதான், சட்டம் சமையலறை வரை வந்தால் குடித்தனம் நடத்த முடியாது. அப்படியானால் வீட்டுக்குள்ளே ஒருவர் கடிதத்தை மற்றவர் படிப்பதை யார் தடுப்பது?

நம்மவர்களுக்கு இது ஒரு குற்றமாகவே படுவதில்லை. ஒரு காலத்தில் தபால்காரர் கொண்டுவந்த கார்டைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் படித்து முடித்து, சேதியை உரக்க அறிவித்த பிறகுதான் அது உரியவர் கைக்குப் போகும். அன்பு மிகுதியால் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயரும் ஊரும் வேண்டாம். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு மனுப் போட்டிருந்தாள். வீட்டில் அவள் தாயாருக்கு மட்டும் தெரியும். மனுவை அனுப்புவதற்கு மாமாவின் ஜவுளிக் கடைக் கம்ப்யூட்டரை ஒரு நாள் உபயோகித்தாள். அங்கிருந்த குமாஸ்தா உதவி செய்வதாக நினைத்து, அவளுடைய கணக்கைக் கடையின் தபால் புரோகிராமில் சேர்த்துக் கொடுத்தார். மனு போயிற்று, பெண்ணும் மறந்துவிட்டாள். புரோகிராம் மறக்கவில்லை. அன்று முதல் அவளுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அது கடைக் கம்ப்யூட்டரிலும் இறக்கி வைத்துக்கொண்டே இருந்தது. கல்லூரியிலிருந்து இடம் கிடைத்துவிட்டதென்று வந்த பதிலை முதலில் படித்தவர் மாமா. அன்று மாலையே வீட்டில் பெரிய ரகளை. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "எங்களைக் கேட்காமல் எப்படி எழுதினாய்?" என்பதே பேச்சு. எங்கள் பள்ளித் தலைமையாசிரியை இரண்டு முறை அந்த வீட்டுக்கு நடந்தார். இடமும் போய், ஒரு வருஷமும் போன பிறகுதான் அந்தப் பெண் கல்லூரிக்குப் போனாள்.

மாமா கெட்டவர் அல்ல. தம் கடையில், தம் யந்திரத்தில், தம் கண் முன்னே இருந்த கடிதத்தைப் படித்தார். அவரைப் பொறுத்தவரையில் அது திண்ணைக்கு வந்த கார்டுதான். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வந்த கடிதம் அவளுடையது, தகப்பனாரே ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கோபமும் நியாயமான பயத்திலிருந்து வருவதுதான். ஆனால் பயப்படுகிறவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். பின்புறமாய் வந்து அலமாரியைத் திறப்பது வேறு காரியம்.

செய்யக்கூடியது என்ன? வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விண்டோஸில் கணக்கு வைத்துக் கொடுக்கலாம். சாதாரணக் கணக்கு உள்ளவர் மற்றவர் ஃபோல்டருக்குள் புக முடியாது. நிர்வாகியாக இருப்பவர் மட்டும் புகலாம். ஆப்பிள் யந்திரங்களில் 2018 முதல், வேறொரு புரோகிராம் கடிதங்கள் இருக்கும் இடத்தைத் தொடவேண்டுமானால் நாம் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. பிறர் கம்ப்யூட்டரில் நம் கணக்கைச் சேர்த்திருந்தால், கணக்கை நீக்கினால் மட்டும் போதாது. இறங்கிய கடிதங்களையும் சேர்த்து நீக்கும்படி சொல்ல வேண்டும்.

பென் டிரைவோடு வருகிற என் போன்ற ஆசாமிகளைத் தடுக்க உண்மையான மருந்து ஒன்றே: ஹார்டு டிஸ்க் முழுவதையும் சங்கேதமாக்கிவிடுவது. விண்டோஸில் 'பிட்லாக்கர்', ஆப்பிளில் 'ஃபைல்வால்ட்', லினக்ஸில் 'லக்ஸ்' என்று பெயர். புதிதாக வரும் மடிக்கணினிகள் பலவற்றில் இது கேட்காமலே போடப்பட்டிருக்கிறது. யந்திரம் அணைந்திருக்கும் வரையில் டிஸ்க்கைக் கழற்றி எடுத்தாலும் ஒரு வரி படிக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவருக்கு இது உதவாது. உள்ளே புகுந்துவிட்ட விஷமப் புரோகிராமுக்கும் இது தடையாகாது. கடிதத்தையே தனித்தனியாகச் சங்கேதமாக்கும் வித்தையும் உண்டு. 1991-ல் பில் ஜிம்மர்மன் ஆக்கிய 'பி.ஜி.பி.' அதற்கு மூலம். 2020 முதல் அதன் வழிவந்த முறை தண்டர்பேர்டிலேயே சேர்ந்திருக்கிறது. ஆனால் எழுதுபவர், படிப்பவர் இருவரும் பழகியிருக்க வேண்டும். என் அநுபவத்தில் சம்பந்திகளுக்குள் இது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை.

ரிப்பேர்க் கடைக்குக் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது கடைப் பையன் கடவுச்சொல்லைக் கேட்பான்; நாமும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி யந்திரத்தின் மேலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டு வருவோம். திரை உடைந்ததற்கும், பித்தான் பெயர்ந்ததற்கும் கடவுச்சொல் எதற்கு என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பூட்டைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு சாவியைப் பற்றியும் பேசவேண்டும். குடும்பத் தலைவர் ஒருவர் எல்லாவற்றையும் பிரமாதமாகச் சங்கேதமாக்கிவிட்டு, திடீரென்று கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ரசீதும், பாங்கி வைப்பு நிதியின் பத்திரமும், நிலத்தை அளந்த கணக்கும் அந்த யந்திரத்துக்குள்ளேதான் வந்து விழுந்திருக்கும். டிஸ்க்கின் சங்கேதத்தை உடைக்கக் களவாடியவனால் முடியாதது போலவே, மனைவி மக்களாலும் முடியாது. பிட்லாக்கர் இதற்காகவே 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்பு எண்ணைக் கொடுக்கிறது. அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டும் வகையினர். கம்பெனிக் கணக்கில் அது தானாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், அந்தக் கணக்கைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் இன்னொருவர் வேண்டுமே! நல்ல காகிதத்தில் மையால் இரண்டு பிரதி எழுதி, எண்களை ஆறு ஆறாகப் பிரித்து, ஒரு முறை உரக்கப் படித்துச் சரிபார்த்து, ஒன்றை வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள்ளும், மற்றொன்றை நம்பிக்கையுள்ள சகோதரர் அல்லது மகள் வீட்டிலும் வைப்பது போதும். உறையின் மேல் இது எந்தக் கம்ப்யூட்டருக்கு என்பதையும் எழுதிவிட வேண்டும். ஏனென்றால் ஐந்தாறு வருஷத்தில் வேறு கம்ப்யூட்டர் வந்துவிடும். அதற்கு எண் வேறு.